பீமாப்பள்ளி வட்டுகளும் நாம் பாடமாக்காத ஜப்பானும்

ஜப்பானியத் திரைப்படம் குறித்து நம் பல்கலைக்கழகத் துறைகளில் நிகழும் பேச்சு பெரும்பாலும் குரோசாவா, மிசோகுச்சி, ஓசு என்னும் மூன்று பெயர்களோடு நின்றுவிடுகிறது. இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. 1951இல் வெனிஸ் விழாவில் ‘ராஷோமோன்’ முதற்பரிசு பெற்றது. அடுத்த மூன்று ஆண்டுகளும் மிசோகுச்சியின் படங்கள் அதே விழாவில் விருது பெற்றன. ஐரோப்பிய விழாக்கள் தேர்ந்தவற்றைத் திரைப்படச் சங்கங்கள் திரையிட்டன. சங்கங்கள் திரையிட்டவற்றைப் பாடத்திட்டம் ஏற்றுக்கொண்டது. 1965இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா தொடங்கியது முதல் கேரளச் சங்கங்கள் ஆற்றிய பணி பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தூதரகமோ ஆவணக் காப்பகமோ அனுப்பிய படச்சுருளைத்தான் அவற்றால் காட்ட முடிந்தது.

அந்த வரிசைக்கு வெளியே நின்றவர்கள் பலர்: நருசே மிக்கியோ, ஷிமிசு ஹிரோஷி, யமனாகா சடாவோ, நடிகையாகவே பேசப்பட்டுவந்தாலும் ஆறு படங்களை இயக்கிய தனகா கினுயோ. இவர்களில் பெரும்பாலோர் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி மாணவர்களை வந்தடைந்தது டிவிடி வழியாகத்தான். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2007இல் ‘எக்லிப்ஸ்’ என்னும் துணை வரிசையைத் தொடங்கியது. விளக்கவுரைகளும் கூடுதல் காணொளிகளும் இன்றி, மறக்கப்பட்ட படங்களைத் தொகுதி தொகுதியாகக் குறைந்த விலையில் தருவது அதன் நோக்கம். 2009இல் ஷிமிசுவின் நான்கு படங்களும் 2011இல் நருசேயின் ஐந்து மௌனப் படங்களும் அவ்வாறு வெளிவந்தன. அவை வட அமெரிக்க மண்டலக் குறியீடு கொண்ட வட்டுகள். இந்தியாவுக்குரிய கருவியில் இயல்பாக ஓடா; இறக்குமதி விலையோ ஆய்வு உதவித்தொகைக்கு எட்டாதது. இடைவெளியை நிரப்பியது பீமாப்பள்ளி.

தர்காவைச் சுற்றிய அந்தக் கடலோரச் சந்தையைப் பற்றி எழுதும்போது இருவகை மிகைகள் நேர்கின்றன. ஒன்று, அதைத் திருட்டுக் கூடமாக மட்டும் காண்பது. மற்றொன்று, ஏழைகளின் திரைப்படக் கல்லூரி என்று கொண்டாடுவது. அது ஒரு வணிகம். புதுப்பட நகல்கள் விற்ற அதே மேசையில், கேட்பவர் இருந்ததால், உலகத் திரைப்படமும் விற்றது. பாறசாலையிலிருந்து காலைப் பயணிகள் ரயிலில் ஏறித் திருவனந்தபுரம் போன மாணவன் திரும்பும்போது பையில் ஓசு இருந்தார். அட்டையில் பெயர் பிழையாக அச்சிடப்பட்டிருக்கும். ஆங்கில வசன வரிகள் சில வேளை அரை நொடி முந்தி ஓடும். இருந்தும் பார்த்தோம்.

என் மேசையில் இப்போது இருப்பது ஷிமிசுவின் ‘அரிகாத்தோ-சான்’, 1936. கவாபாட்டாவின் சிறுகதையிலிருந்து எடுத்தது. இசு தீபகற்பத்தின் தென்கோடியிலிருந்து மலைக்கணவாய்களைக் கடந்து ரயில் நிலையம் செல்லும் ஒரு பேருந்துதான் கதை. வழிவிட்டு ஒதுங்கும் வண்டிக்காரருக்கும் விறகு சுமப்பவருக்கும் கோழிகளுக்குங்கூட ஓட்டுநர் நன்றி சொல்கிறார். அதுவே அவர் பெயராகிவிட்டது. வண்டிக்குள் ஒரு தாய், தோக்கியோவில் விற்பதற்காக அழைத்துச்செல்லும் மகளுடன் அமர்ந்திருக்கிறாள். வேலை இழந்து ஊர் திரும்புவோர் சாலையோரம் நடக்கிறார்கள். நடுவில் ஒரு கொரியப் பெண் வண்டியை நெருங்குகிறாள். அந்தச் சாலையை அமைத்த கூலிகளில் ஒருத்தி. அடுத்த வேலைக்காகக் கூட்டம் வேறிடம் நகர்கிறது. தான் போட்ட சாலையில் ஒருமுறையேனும் பேருந்தில் போக ஆசைப்பட்டதாகச் சொல்கிறாள். தந்தையின் கல்லறைக்கு நீரும் பூவும் வைக்குமாறு ஓட்டுநரைக் கேட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடந்து போய்விடுகிறாள். கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில், ஜப்பானிய வணிக நிறுவனம் ஒன்றின் படத்தில் வரும் காட்சி இது.

நம் வகுப்பறை ஜப்பானில் மௌனமும் பாய் விரித்த அறையும் ஜென் தத்துவமும் மட்டுமே உள்ளன. கடனும் வேலையின்மையும் குடியேற்றக் கூலியும் அதில் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் பேருந்தின் பெயர்ப்பலகை மொழி மாறுவதைப் பார்த்து வளர்ந்த மாணவருக்கு ‘தோக்கியோ கதை’யைக் காட்டிலும் இந்தப் பேருந்து அருகில் இருக்கிறது என்றே கருதுகிறேன். ஓசுவும் ஷிமிசுவும் ஒரே ஆண்டில், 1903இல், பிறந்தவர்கள். ஒரே ஷோச்சிக்குவில் பணியாற்றியவர்கள். ஒருவரைப் பாடமாகவும் மற்றவரை அடிக்குறிப்பாகவும் ஆக்கியது கலைத்தரம் மட்டுமன்று. எது கைக்குக் கிடைத்தது என்பதுமாகும்.

கிடைப்பது என்பது சிறு செய்தி அன்று. யமனாகா இருபதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, 1938இல் சீனப் போர்முனையில் 28 வயதில் இறந்தார். எஞ்சியவை மூன்று. இங்கே, ஜே. சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ ஒரு சுருள்கூட எஞ்சவில்லை. ஆனால் அவருடைய உறவினரான நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ எஞ்சியது. காரணம் வினோதமானது. 1933இல் படம் வெளியானதும், நாவலின் பதிப்புரிமை மீறப்பட்டதாகக் கமலாலயா புத்தகக் கடை வழக்குத் தொடர்ந்தது, படப்பிரதி கைப்பற்றப்பட்டது. ஓடாத அந்தப் பிரதியே 1974இல் புனே ஆவணக் காப்பகத்தை அடைந்தது. நெய்யாற்றின்கரைக் கோயிலின் பலாமரப் பொந்தில் மன்னர் ஒளிந்த கதையைச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, அவர் பெயர் தாங்கிய படம் புத்தகக் கிடங்கில் நாற்பதாண்டு ஒளிந்து கிடந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றை இப்போது எழுதக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி நூலகம், வட்டு படிக்கும் கருவி இல்லை என்று கூறித் தன் டிவிடிகளைக் கழிக்கப்போகிறது. விலை கொடுத்து வாங்கிய அசல் வட்டுகளும் அவற்றுள் உண்டு. இணையத் தளங்களில் எல்லாம் கிடைக்கும் என்பது அவர்களின் வாதம். தளம் விற்பது படத்தை அன்று. குறிப்பிட்ட காலத்துக்குப் பார்க்கும் அனுமதியை. ஒப்பந்தம் முடிந்தால் படம் இராது. வகுப்பில் காட்டச் சட்டம் இடந்தராது என்பாரும் உளர். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆசிரியரும் மாணவரும் மட்டும் இருக்கும் கல்வித் திரையிடலுக்கு இடமளிக்கிறது. வெளியே இணைக்கும் டிவிடி கருவியின் விலை ஒரு பாடநூலின் விலைக்கு மிகாது.

வீட்டிலிருக்கும் நகல்களின் நிலை இதைவிட மோசம். பதிவுசெய்யப்பட்ட வட்டுகள் சாயப் படலத்தை நம்பியவை; நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அது மங்கும். ஆகவே பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வட்டாரத்தில் எந்தெந்தப் படங்கள் எவ்வடிவில் வந்து சேர்ந்தன என்று ஒரு பட்டியல் தொகுத்து வருகிறேன். வட்டு வைத்திருப்போர் படத்தின் பெயர், வாங்கிய ஆண்டு, வசன வரிகளின் மொழி, இப்போது ஓடுகிறதா என்னும் நான்கையும் எழுதினால் போதும். விற்றவர் பெயர் வேண்டா. அட்டையை எறிந்துவிடாதீர்கள், பிழையான அச்சும் எனக்கு வேண்டும்.