'ம்'மை விழுங்கும் வேர்ட்பிரஸ்

'குரோம்பேட்டை ரயில் நிலையம்' என்று தலைப்பு வைத்து, தலைப்பே சுட்டியாக வரும் அமைப்பில் வேர்ட்பிரஸில் ஒரு பதிவு போட்டுப் பாருங்கள். சுட்டி 'குரோம்பேட்டை-ரயில்-நிலைய' என்று நின்றுவிடும். 'ம்' காணாமல் போயிருக்கும்!

சுட்டிப் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம். ஆங்கில எழுத்துக்கு 1 போதும். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 9 வேண்டும். 'கு' என்றால் ககரத்துக்கு 9, உகரக் குறிக்கு இன்னொரு 9. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் மட்டுமே 108 இடத்தைத் தின்றுவிடுகிறது.

இதைச் சொன்னால், "அதற்கு ப்ளக்இன் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள். 80 சதவீதம் பேராவது விரும்பிப் பயன்படுத்துவதுதான் மென்பொருளின் மையத்தில் இருக்கவேண்டும் என்பது வேர்ட்பிரஸ் எழுதிவைத்திருக்கும் கொள்கை. ஸ்லைடருக்கும் தொடர்புப் படிவத்துக்கும் அது சரி. அப்படியானால், அட்மின் பக்க மூலையில் பாட்டு வரி காட்டும் ஹலோ டாலி எந்த 80 சதவீதத்துக்காக இத்தனை வருடம் கூடவே வந்தது? (எமோஜிக்கு 2015-லேயே, 4.2 பதிப்பில், மையத்தில் இடம் கிடைத்துவிட்டது.)

சுட்டி அலங்காரம் இல்லை, பதிவின் முகவரி. டேட்டாபேஸில் உட்காரும் சமாசாரம். அதை நீட்டித்தரும் ப்ளக்இன்னை எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், நீட்டிய முகவரிகளும் சேர்ந்து உடையலாம். அதற்குப் பயந்தே பலர் தமிழ்ப் பதிவுக்கு ஆங்கிலத்தில் சுட்டி தட்டுகிறார்கள்.

இது தமிழுக்குக் கேட்கும் சலுகையும் இல்லை. இந்தி, வங்காளம், தாய், ஜப்பானியம் எல்லாவற்றுக்கும் இதே 9 கணக்குதான். அந்த 200-ஐ மையத்திலேயே உயர்த்தவேண்டும்.