கோட்டுக்கு வெளியே ஒரு காலடி

2014 கோடையில் இங்கிலாந்து சென்ற விராட் கோலி, ஐந்து டெஸ்ட்களில் பத்து முறை களமிறங்கினார். எடுத்தது மொத்தம் 134 ரன். சராசரி 13.40. ஒரு அரை சதம்கூட இல்லை. ஜேம்ஸ் ஆண்டர்சன் மட்டுமே நான்கு முறை அவரை வெளியேற்றினார். ஆஃப் ஸ்டம்ப்பை ஒட்டி விழுந்து வெளியே வளையும் பந்து, அதைத் தேடிப் போகும் மட்டை, காத்திருக்கும் கீப்பர் அல்லது ஸ்லிப். பார்ப்பவர்களுக்கே அலுத்துப் போகும் அளவுக்கு இதே காட்சி திரும்பத் திரும்ப நடந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல் அதே கோலி, அதே இங்கிலாந்து, அதே ஆண்டர்சன். இந்த முறை 593 ரன், இரண்டு சதங்கள், சராசரி 59.30. ஆண்டர்சனால் ஒரு முறைகூட அவரை வீழ்த்த முடியவில்லை.

இடையில் மாறியவை பல. அவற்றில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது அவர் நின்ற இடம். பேட்டிங் கிரீஸ் ஸ்டம்ப்பிலிருந்து 4 அடி முன்னால் இருக்கிறது. பெரும்பாலான பேட்ஸ்மேன்கள் அந்தக் கோட்டை ஒட்டியே நிற்பார்கள். கோலியோ அதைத் தாண்டி வெளியே நின்றார். யோசனை ரவி சாஸ்திரியுடையது என்று 2020இல் கோலியே சொன்னார். வேகப்பந்துக்கும் காலை நன்றாக முன்னால் எடுத்து வைக்கும்படி மும்பையில் டெண்டுல்கர் சொல்லிக் கொடுத்தார். இன் ஸ்விங்குக்குப் பயந்து இடுப்பைச் சீக்கிரம் திறந்துவிடும் பழைய பழக்கத்தையும் கோலி திருத்திக்கொண்டார்.

ஒரு காலடியில் அப்படி என்ன இருக்கிறது? கணக்குப் போட்டால் புரியும். ஸ்விங் ஆகும் பந்து, கையை விட்டதுமே முழுசாக வளைந்துவிடுவதில்லை. பக்கவாட்டு விசை தொடர்ந்து தள்ளுவதால், விலகல் ஏறக்குறைய தூரத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. பாதி வழியில் கால் பங்குதான் விலகியிருக்கும். மீதி முக்கால் பங்கும் பின்பாதியில். பந்து கையிலிருந்து மட்டைக்கு வர 17 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்த விலகலில் ஒன்பதில் ஒரு பங்கு கடைசி ஒரே மீட்டரில் நடக்கிறது. 45 செ.மீ. வளையும் பந்துக்கு அது 5 செ.மீ. மட்டையின் அதிகபட்ச அகலமே 10.8 செ.மீ. தான். ஆக, அந்த 5 செ.மீ. என்பது மட்டையின் நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம். பவுண்டரிக்கும் ஸ்லிப் கேட்சுக்கும் உள்ள தூரமும் அதுவே.

வேறு லாபங்களும் உண்டு. பந்தின் அளவு குழம்புகிறது. பந்துவீச்சாளர் பழகிய இடத்தில் போட்டால், முன்னால் நிற்பவருக்கு அது ஓட்டி அடிக்கத் தோதான பந்தாகிவிடும். அவர் அளவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் ஸ்விங் ஆவதற்குக் கிடைக்கும் தூரமும் குறையும். காலில் பந்து பட்டாலும், ஸ்டம்ப் இன்னும் தொலைவில் இருப்பதால், எல்.பி.டபிள்யூ. கொடுக்க நடுவர் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பார்.

இத்தனையும் இலவசமாகக் கிடைப்பதில்லை. விலை, நேரம். மணிக்கு 135 கி.மீ. வேகப் பந்து பேட்ஸ்மேனை அடைய அரை வினாடி ஆகிறது. ஒரு மீட்டர் முன்னால் நின்றால் அதில் நூறில் மூன்று பங்கு வினாடி பறிபோகும். இங்கிலாந்தின் மிதவேக ஸ்விங்குக்கு இந்த விலை கட்டுப்படியாகும். பெர்த்திலோ பிரிஸ்பேனிலோ எகிறி வரும் பந்துக்குக் கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி. கீப்பர் ஸ்டம்ப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால், ஸ்டம்ப்பிங்குக்குப் பயந்து மறுபடி கோட்டுக்குள் போகவும் வேண்டும்.

இது ஒன்றுதான் வழி என்றும் சொல்ல முடியாது. 2019 ஆஷஸ் தொடரில் 774 ரன் குவித்த ஸ்டீவ் ஸ்மித், முன்னால் போவதைவிடப் பக்கவாட்டில் நகர்வதையே நம்பினார். பந்து வருவதற்குள் ஆஃப் ஸ்டம்ப் பக்கம் வந்துவிடுவார். தன் கண்ணுக்கு வெளியே போகிற பந்து ஸ்டம்ப்புக்கும் வெளியேதான் என்பது அவருக்குத் தெரியும், நிம்மதியாக விட்டுவிடலாம். லெக் ஸ்டம்ப்பைத் திறந்து காட்டுவது அதற்கு அவர் கொடுக்கும் விலை. 2021இல் ரோஹித் சர்மா இன்னொரு பாதையில் போனார். பந்தைத் தேடிப் போகாமல் வரவிட்டு, உடம்பை ஒட்டி, கண்ணுக்குக் கீழே ஆடினார். ஓவலில் 127. வெளிநாட்டு மண்ணில் அவருக்கு அதுவே முதல் டெஸ்ட் சதம்.

மூன்று பேர், மூன்று இடங்கள். ஆனால் மூவரும் தேடியது ஒன்றையே: தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்ற தெளிவு. அது தெரிந்தவர் எந்தப் பந்தை விடலாம் என்று அறிவார். தெரியாதவர் எங்கே நின்றாலும் மட்டையை நீட்டுவார். 2018இல் எட்ஜ்பாஸ்டனில் கோலி எடுத்த 149 இதற்கு நல்ல பாடம். இந்தியாவின் 274 ரன்னில் அடுத்த பெரிய ஸ்கோர் ஷிகர் தவனின் 26. அன்றும் கோலி ஆண்டர்சனிடம் தடுமாறினார். 21 ரன்னில் ஸ்லிப்பில் கேட்ச் நழுவியது. தப்பித்தவர் பிறகு பந்துகளை விட்டு விட்டுத்தான் அந்த இன்னிங்ஸைக் கட்டினார்.

அந்தப் பொறுமை குறைந்தபோது நின்ற இடம் காப்பாற்றவில்லை. 2021இல் டிரென்ட் பிரிட்ஜில் ஆண்டர்சனின் முதல் பந்திலேயே கீப்பரிடம் கேட்ச். 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் பெர்த்தில் ஆட்டமிழக்காமல் 100. அதைத் தவிர்த்து எட்டு முறை ஆட்டமிழந்தார். எட்டும் கீப்பர் அல்லது ஸ்லிப் கேட்ச். பந்து எகிறும் ஆடுகளத்திலும் ஏன் கிரீஸுக்கு வெளியே நிற்கிறார் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். 2025 மே மாதம் அவர் டெஸ்ட் ஆட்டத்துக்கு விடை கொடுத்தார். 704 விக்கெட்டுகளோடு ஆண்டர்சன் அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றிருந்தார்.

இன்று பயிற்சி வலைகளில் கோட்டுக்கு இரண்டடி வெளியே நிற்கும் பையன்களைப் பார்க்கலாம். தொலைக்காட்சியில் பார்த்துப் படித்த பாடம். பந்து வளையாத ஆடுகளத்தில் அப்படி நின்றால், வாங்குவது எதுவுமில்லாமல் நேரத்தை மட்டும் கொடுத்துவிட்டு நிற்பார்கள். எங்கே நிற்பது என்று முடிவு செய்யுமுன் அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: இன்று பந்து எவ்வளவு வளைகிறது? எவ்வளவு எகிறுகிறது? முதல் இரண்டு ஓவர்களைக் கவனித்துப் பார்ப்பவருக்குப் பதில் கிடைக்கும். பதிலுக்குத் தக்கபடி முன்னால் போகலாம், பின்னால் வரலாம். 4 அடிக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். நகர வேண்டியவர் பேட்ஸ்மேன்தான்.