போட்டியை ஒத்திவைப்பது யார் வேலை?

மழை கொட்டினால் பள்ளிக்கு விடுமுறை விட மாவட்ட ஆட்சியர் இருக்கிறார். ஊர்விட்டு ஊர் போய் விளையாட வேண்டிய மாணவிக்கு ‘இன்று போக வேண்டாம்’ என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? இன்றைய நிலவரப்படி, அவளுடைய அப்பாவும் அம்மாவும்தான். வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே மண்டல, மாநிலப் போட்டிகளை வைத்துவிட்டு, புயல் எச்சரிக்கையைப் பார்த்து முடிவெடுக்கும் வேலையைப் பெற்றோர் தலையில் கட்டுவது நியாயமல்ல. அதைப் போட்டி நடத்துகிறவர்கள் ஏற்க வேண்டும்.

‘உயிரைவிடவா போட்டி பெரிது?’ என்று வீட்டில் உட்கார்ந்து கேட்பது எளிது. விடியற்காலை மூன்று மணிக்கு வாடகை வேன் வாசலில் நிற்கிறது. சீட்டுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஈட்டி. தலைமையாசிரியர் முத்திரையிட்ட தகுதிப் படிவம் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் அம்மாவின் கைப்பையில். ஏழு மணிக்கு மைதானத்தில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்த ஆண்டு முடிந்தது. குழுப் போட்டியானால் எதிரணிக்கு வாக்ஓவர். பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்குப் பள்ளிப் போட்டியில் அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கும் மாநிலத்தில், அந்தச் சான்றிதழின் மதிப்பு ஏழைக் குடும்பத்துக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் கிளம்புகிறார்கள். அதைப் பேராசை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

விடுமுறை அறிவிப்பு மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது, வெள்ளம் அப்படி நிற்பதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் போய்விட்டது என்று கடற்கரை மூச்சுவிட்ட பிறகு, உள்மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட, தென்பெண்ணை பெருகி அரசூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களும் நின்றன. அன்று மதுரையிலிருந்து சென்னைக்குப் போட்டிக்குக் கிளம்பிய குடும்பம் ஒன்று இருந்திருந்தால், புறப்பட்ட ஊரிலும் போய்ச்சேரும் ஊரிலும் அவர்களுக்கு ஆபத்தில்லை; நடுவில்தான் சாலை இல்லை. மைதானம் காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் போட்டியை நடத்துகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

இருட்டில், மழையில், ‘லேட்டாகிவிட்டது’ என்ற பதற்றத்தில் ஓட்டுபவர் தரைப்பாலத்துத் தண்ணீரின் ஆழத்தை எப்படி அளப்பார்? ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும். தேங்கிய தண்ணீரும் சாதுவானதல்ல: 2021இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் நின்ற மழைநீரில் கார் சிக்கி ஒரு பெண் இறந்தார்.

தேசியப் போட்டிகளின் அட்டவணைக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும், அரையாண்டுத் தேர்வு வேறு குறுக்கே வருகிறது என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது என்பது புதுச் செய்தியா? மண்டலப் போட்டிகளை ஆகஸ்டிலேயே முடிக்கலாம். முடியாதவற்றுக்காவது விதி வேண்டும். போட்டி நடக்கும் மாவட்டத்திலோ, அணிகள் கடந்துவரும் மாவட்டங்களிலோ ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் முந்தைய நாள் மதியத்துக்குள் ஒத்திவைப்பை அறிவிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் தகவல் பாதி வழி வந்தவருக்கு உதவாது. எச்சரிக்கையால் வர இயலாத மாணவரை ‘வரவில்லை’ என்று எழுதாமல் மாற்று நாள் தர வேண்டும். முதல் நாளே வந்து தங்குகிறவர்களுக்கு அந்த ஊர்ப் பள்ளி வகுப்பறைகளையும் இரவு உணவையும் ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த போட்டிக்கான சுற்றறிக்கையிலேயே பள்ளிக் கல்வித் துறை இவற்றைச் சேர்க்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.