கூட்டாளியா? கூலித் தொழிலாளியா?

பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில் பசுமலையைக் கடப்பவர்கள், மாலை நேரங்களில் உணவகங்களின் வாசலில் முதுகில் பெரிய பையோடு காத்து நிற்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் சென்ற மாதம் இஷா தொழுகை முடிந்ததும் என்னிடம் வந்தார். மழையில் பைக் சறுக்கி, கை எலும்பு முறிந்திருந்தது. வைத்தியச் செலவு கேட்டதற்கு நிறுவனத்திலிருந்து வந்த பதில் இதுதான்: "நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல, பார்ட்னர்."

"ஹஜ்ரத், பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு தரவேண்டும்தானே?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

நியாயமான கேள்வி. கூட்டு வியாபாரம் என்றால் லாபத்திலும் பங்கு, முடிவெடுப்பதிலும் பங்கு. இங்கே என்ன நடக்கிறது? ஒரு டெலிவரிக்கு எவ்வளவு கூலி என்பதை நிறுவனம் தீர்மானிக்கிறது. எந்த ஆர்டர் யாருக்கு என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. மதிப்பெண் குறைந்தால் வேலை குறைகிறது. விசாரணை இல்லாமலேயே ஐ.டி. பிளாக் ஆகிறது. பைக் இவருடையது, பெட்ரோல் இவருடையது, முறிந்த கையும் இவருடையது. இவரா கூட்டாளி?

நிறுவனங்கள் ஒரு வாதம் வைக்கின்றன. "விரும்பிய நேரத்தில் வருகிறார், விரும்பிய நேரத்தில் போகிறார். அவரை எப்படி ஊழியர் என்பது?" இது புதிய வாதம் அல்ல சகோதரர்களே! நம் தாய்மார்களிடம் சொல்லப்பட்ட பழைய வாதம்.

மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றிய பெண்களை நினைத்துப் பாருங்கள். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றினார்கள். நேரக் கட்டுப்பாடு இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. ஆகவே இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்ல என்று முதலாளிகள் வாதாடினார்கள். பீடி முதலாளிகளில் எல்லாச் சமுதாயத்தாரும் உண்டு, நம்மவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1960களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமே, நினைத்தபோது வந்து போகக்கூடிய ஒரு பீடித் தொழிலாளி தொழிற்சாலைச் சட்டப்படி தொழிலாளி அல்ல என்று தீர்ப்பளித்தது.

அதோடு கதை முடிந்ததா? இல்லை. 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளியே என்று அது அறிவித்தது. முதலாளிகள் எதிர்த்து வழக்காடினார்கள். 1974-ல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. 1985-ல் வீட்டில் சுற்றுபவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்றது. அப்போது நீதிமன்றம் சொன்ன காரணத்தை இன்றைய இளைஞர்கள் மனதில் பதிக்க வேண்டும். சுற்றிய பீடியைச் சரியில்லை என்று கழித்துப் போடும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கிறதே, அதுவே போதுமான கட்டுப்பாடு!

அன்று பீடியைக் கழித்தார்கள். இன்று மதிப்பெண் போட்டு ஆளையே கழிக்கிறார்கள். தாய்க்குக் கிடைத்த உரிமை மகனுக்கு ஏன் இல்லை?

மதரஸாவில் ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். எல்லோரிடமும் துணி வாங்கித் தைக்கும் தையற்காரர் 'அஜீர் முஷ்தரக்'. வேலையை முடித்தால் அவருக்குக் கூலி. தன் நேரத்தையே ஒருவருக்கு ஒப்படைத்தவர் 'அஜீர் காஸ்'. அவர் வேலைக்குத் தயாராக வந்து நின்றாலே, வேலை கொடுக்கப்படாவிட்டாலும் கூலி கடமையாகும். உணவக வாசலில் மணிக்கணக்கில் ஆர்டருக்காக நிற்கும் தம்பியின் நேரம் யாருக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது? அதற்கு யார் கூலி கொடுப்பது? சுமத்தும்போது ஊழியராகவும், கொடுக்கும்போது கூட்டாளியாகவும் ஒருவரை நடத்துவதை எந்த நீதி ஏற்கும்?

உலகம் இதைப் புரிந்துகொண்டு வருகிறது. ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, தொழிலாளர்களே என்று 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஒரு விதியை நிறைவேற்றியது. அதன்படி, கட்டுப்பாடு இருப்பதற்கான அறிகுறிகள் தெரிந்தால் அவர் ஊழியர் என்றே முதலில் கொள்ளப்படுவார். இல்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

நம் நாட்டில் என்ன நிலை? 2020-ல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை இவர்களின் நலனுக்குத் தரவேண்டும் என்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அதே சட்டம் இவர்களை முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. தமிழக அரசு 2023 டிசம்பரில் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. அதுவும் நல்ல காரியமே. ஆனால் நலத்திட்டம் வேறு, உரிமை வேறு. நலத்திட்டம் அரசு விரும்பும்வரை கிடைக்கும். உரிமையைத்தான் வழக்குப் போட்டு வாங்க முடியும்.

எனவே நம் கோரிக்கை தெளிவானது. கூலியையும் வேலையையும் தண்டனையையும் யார் தீர்மானிக்கிறாரோ அவரே முதலாளி என்று சட்டம் சொல்லவேண்டும். விளக்கம் கேட்காமல் ஐ.டி.யை முடக்கக் கூடாது. வேலை நேரத்தில் நடக்கும் விபத்துக்கு நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும்.

இளைஞர்களே! இ-ஷ்ரம் தளத்திலும் நலவாரியத்திலும் உடனே பதிவு செய்யுங்கள். செயலியில் வரும் கூலிக் கணக்கையும் எச்சரிக்கைகளையும் படம் பிடித்து வையுங்கள். நாளைய வழக்கில் அவையே சாட்சி. மதம், சாதி பாராமல் சங்கமாகச் சேருங்கள்.

கடை வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கடையில் பத்து வருடமாக நிற்கும் பையனைக் "கமிஷன் ஆள்தான்" என்று சொல்கிறீர்களே, அந்தக் கணக்கையும் கொஞ்சம் திறந்து பாருங்கள். நாம் கேட்கும் நீதி நம் வீட்டு வாசலிலிருந்து தொடங்கட்டும்.