வைத்தியம் தர்மமா? உரிமையா?

கனடா தேசத்தில் சஸ்காச்சுவான் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. கோதுமை விளைகின்ற சமவெளிப் பிரதேசம். அம்மாகாணத்தில் 1944-ம் வருஷம் முதல் 1961-ம் வருஷம் வரையில் முதன் மந்திரியாயிருந்த தோழர் டாமி டக்ளஸ் என்பவரைப் பற்றி நமது நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்நாட்டு மக்களோ, 2004-ம் வருஷத்தில் அங்குள்ள பொது ஒலிபரப்பு ஸ்தாபனம் நடத்திய ஓட்டெடுப்பில், தங்கள் நாட்டு மனிதர்களிலெல்லாம் பெரியவர் இவரே என்று தீர்ப்புச் சொன்னார்கள். இத்தனைக்கும் இவர் கனடா முழுமைக்கும் ஒரு நாளாவது பிரதம மந்திரியாய் இருந்தவரல்ல. மனிதர்களை ஓட்டுப் போட்டுத் தராசில் நிறுத்துப் பார்க்கின்ற வேடிக்கையில் நமக்கு அதிக நம்பிக்கை கிடையாது. என்றாலும் அவர்கள் எதற்காக இவரை மறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கதாகும்.

இவர் 1904-ல் ஸ்காட்லாந்தில் ஒரு இரும்பு வார்ப்புத் தொழிலாளியின் வீட்டில் பிறந்தவர். சிறு வயதில் விழுந்து அடிபட்ட முழங்காலில் எலும்பு சீழ் பிடித்துக்கொண்டது. குடும்பம் கனடாவிலுள்ள வினிபெக் நகருக்குக் குடியேறிய பின் காலையே எடுத்துவிட வேண்டிய நிலைமை வந்துவிட்டது. நல்ல சஸ்திர வைத்தியருக்குக் கொடுக்கப் பெற்றோரிடம் பணமில்லை. அந்தச் சமயத்தில் ஒரு பெரிய டாக்டர், தன்னுடைய மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளச் சம்மதித்தால் இனாமாகவே வைத்தியம் செய்வதாய்ச் சொல்லிக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

இம்மாதிரி காரியம் நடந்தால் சாதாரணமாய் ஜனங்கள் என்ன சொல்லுவார்கள்? “ஆண்டவன் கிருபை” என்பார்கள். அல்லது அந்த டாக்டரைத் தர்மப் பிரபு என்று புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிற்காலத்தில் பாதிரியாராகவே ஆன இந்த மனிதர் அப்படிச் சொல்லாததுதான் அதிசயம். அந்த டாக்டர் அன்றைக்கு அந்தப் பக்கம் வராதிருந்தால் என் கால் போயிருக்குமே. ஒரு பிள்ளையின் கால் இருப்பதும் போவதும் தகப்பன் பணப்பையையும் ஒருவருடைய இரக்கத்தையும் பொறுத்திருக்கலாமா என்றே அவர் கேட்டார். டாக்டரிடம் நன்றி இல்லாமலல்ல; தர்மத்தை நம்பி ஒரு சமூகம் இருக்க முடியாது என்று கண்டதால் கேட்டார்.

1930-ல் வேபர்ன் என்கிற சிற்றூரில் பாதிரியாராய் அமர்ந்தார். கோதுமை விலை அடியோடு விழுந்து, மழையும் பொய்த்து, குடியானவர்கள் தெருவில் நின்ற காலம் அது. பசித்தவனுக்கு மோட்சத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் பிரயோஜனமில்லை என்று கண்டு அரசியலில் இறங்கினார். 1935-ல் சி.சி.எஃப். என்னும் கூட்டுறவுப் பொதுநலக் கட்சியின் சார்பில் பார்லிமெண்டுக்குப் போனார். 1944-ல் மாகாணத் தேர்தலில் அக்கட்சி 52 ஸ்தானங்களில் 47-ஐப் பிடித்தது. வட அமெரிக்காவில் ஒரு சமதர்மக் கட்சி அரசாங்கம் அமைத்தது அதுவே முதல் தடவை.

பதவிக்கு வந்ததும் சுகாதார இலாகாவைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ஆனால் மறுநாளே எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று தண்டோரா போட்டுவிடவில்லை. மாகாணமோ கடனில் மூழ்கிக் கிடந்தது. ஆகவே 1947 ஜனவரி முதல் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் ஏற்பாடு செய்தார். தலைக்கு வருஷம் 5 டாலர், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பேரானாலும் 30 டாலருக்கு மேல் இல்லை. இதைக் கட்டினவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் வராது. டாக்டர் கட்டணத்தையும் சேர்க்கும் திட்டத்தை ஸ்விப்ட் கரண்ட் என்ற ஒரு வட்டாரத்தில் மட்டும் 1946 முதல் நடத்திப் பார்த்தார்கள். மாகாணம் முழுமைக்கும் அதைக் கொண்டுவருவதாய் 1959-ல்தான் அறிவித்தார். அதற்குள் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. வாய்ச்சவடால்காரர்களுக்கு இந்தப் பொறுமை பிடிக்காது. நமக்கு இவருடைய காரியங்களில் மிகவும் பிடித்தது இதுதான்.

நிற்க, இவருடைய குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1933-ல் எம்.ஏ. பட்டத்துக்காக எழுதிய கட்டுரையில், புத்திக் குறைவுள்ளவர்களைப் பிள்ளை பெறாதபடி மலடாக்க வேண்டுமென்று எழுதினார். அக்காலத்தில் படித்தவர்கள் பலர் இதை விஞ்ஞானம் என்றே நம்பினார்கள். பக்கத்து ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1928 முதல் 1972 வரையில் அதற்குச் சட்டமே இருந்தது. விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு வருகிற மூடநம்பிக்கை வேதத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு வருவதைவிட எந்த விதத்திலும் உயர்ந்ததல்ல. ஆனால் சுகாதார மந்திரியாகிச் சட்டம் செய்யும் அதிகாரம் கைக்கு வந்தபோது, அப்படிப்பட்ட யோசனைகளை அவர் தள்ளிவிட்டார். எழுதியதும் உண்மை, தள்ளியதும் உண்மை.

1961-ல் புதிய ஜனநாயகக் கட்சி என்ற அகில கனடாக் கட்சிக்குத் தலைவராகி, முதன் மந்திரிப் பதவியை விட்டுப் போனார். வைத்தியச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவரும் பாரம் அவருக்குப் பின்வந்த உட்ரோ லாயிட் தலையில் விழுந்தது. 1962 ஜூலை 1-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்த அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மில் கூலிக்காரன் வேலைநிறுத்தம் செய்தால் கலகம் என்று எழுதுகிற பத்திரிகைகளில் பல, டாக்டர்கள் நோயாளியை விட்டு எழுந்து போனதைச் சுதந்திரப் போர் என்று எழுதின. சர்க்கார் இங்கிலாந்திலிருந்து டாக்டர்களை வரவழைத்துச் சமாளித்தது. 23 நாளில் ராஜி ஏற்பட்டது, சட்டம் நிலைத்தது. இதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஜூன் மாதத்தில் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில், அம்மாகாணத்துத் தலைநகரான ரெஜைனாவில் நின்ற டக்ளஸைத் தோற்கடித்துவிட்டார்கள்! பிறகு வேறு மாகாணத்தில் ஒரு இடைத்தேர்தலில் நின்றுதான் அவர் பார்லிமெண்டுக்குள் நுழைய வேண்டியதாயிற்று.

1964-ல் லாயிட் மந்திரிசபையும் தோற்றது. எதிர்க்கட்சியான லிபரல் கட்சியார் பதவிக்கு வந்தார்கள். எவ்வளவோ எதிர்ப்புக்கு ஆளான அந்தச் சட்டத்தை எடுத்துவிட அவர்களுக்கும் துணிவு வரவில்லை. 1966-ல் கனடா பார்லிமெண்டே நாடு முழுமைக்கும் அதே மாதிரி சட்டம் செய்தது. ஆறு வருஷத்துக்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன. டக்ளஸ் 1986-ல் இறந்தார்.