பதினாலுக்குப் பதினாலு ஜெயித்தாலும் பத்தாதாம்!

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் பார்க்கிற நம்ம கூட்டம் ரொம்பச் சின்னது என்று தெரியும். இருந்தாலும் இதைக் கொட்டித் தீர்க்காமல் இருக்க முடியவில்லை. பார்க்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம், அநியாயம் எந்த விளையாட்டில் நடந்தாலும் அநியாயம்தானே :-)

புதியவர்களுக்கு ஒரு குட்டி விளக்கம். அங்கே முதல் டிவிஷனில் முந்நூற்றறுபதுக்கும் மேல் கல்லூரிகள். 2025 கணக்குப்படி அவை 31 கான்ஃபரன்ஸாகப் பிரிந்திருந்தன. ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் இரண்டு மாதத்துக்கு மேல் தங்களுக்குள்ளேயே பதினாலு முதல் இருபது ஆட்டம் ஆடி, புள்ளிப் பட்டியல் போடும். இதுவரைக்கும் சரி. மார்ச்சில் திடீரென்று பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பெரும்பாலும் ஒரே ஊரில் நாலைந்து நாள் நாக்-அவுட் போட்டி நடத்துவார்கள். அதில் ஜெயிக்கிறவனுக்குத்தான் 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு நேரடி டிக்கெட். இரண்டு மாதம் முதலிடத்தில் இருந்தவன்? பாராட்டு மட்டும்.

"அதான் மிச்ச 37 இடம் இருக்கே, கமிட்டி பார்த்துக் கொடுக்குமே" என்பீர்கள். கொடுக்கும், யாருக்கு என்பதுதான் கேள்வி. 2025-ல் அந்த 37 இடங்களும் வெறும் 7 கான்ஃபரன்ஸுகளுக்கே போயின. எஸ்.ஈ.சி. என்ற ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து மட்டும் மொத்தம் 14 அணிகள்! மீதி 24 கான்ஃபரன்ஸுகளுக்குத் தலைக்கு ஒன்றே ஒன்று. அதாவது சின்னக் கல்லூரிப் பையனுக்கு மார்ச்சில் ஒரு நாள் கை வரவில்லையென்றால், நவம்பரிலிருந்து ஓடிய ஓட்டமெல்லாம் வீண்.

2024-ல் இண்டியானா ஸ்டேட் கதை இதுதான். மிசௌரி வேலி கான்ஃபரன்ஸில் 20 ஆட்டத்தில் 17 வெற்றி, முதலிடம். நாக்-அவுட்டிலும் இறுதி வரை வந்து, டிரேக் அணியிடம் 84-80 என்று தோற்றார்கள். நாலே புள்ளி. மொத்தம் 28 வெற்றி, 6 தோல்வி. கமிட்டி கதவைச் சாத்திவிட்டது. டிரேக் ஒன்றும் சோப்ளாங்கி அணி இல்லை, பட்டியலில் இரண்டாமிடம் அவர்கள்தான். என் கோபம் அவர்கள் மேல் இல்லை. 2016-ல் மான்மத் கல்லூரிக்கும் இதே கதிதான். யு.சி.எல்.ஏ., நோட்டர் டேம், ஜார்ஜ்டவுன் என்று பெரிய தலைகளையெல்லாம் வீழ்த்தியவர்கள், கான்ஃபரன்ஸ் இறுதியில் அயோனாவிடம் 3 புள்ளியில் தோற்று வீட்டுக்குப் போனார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2008-ல் ஜார்ஜியா அணி கான்ஃபரன்ஸில் 4 வெற்றி, 12 தோல்வி. போட்டி நடுவே அட்லாண்டாவில் சூறாவளி அடித்து அரங்கம் சேதமாகி, வேறு அரங்கத்தில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடி, மறுநாள் கோப்பையையும் தூக்கிவிட்டார்கள். சினிமா மாதிரி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 4-12 அடித்தவனைச் 'சாம்பியன்' என்று கூப்பிட எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

ரொம்ப நாள் இதில் சேராமல் கௌரவமாக இருந்தது ஐவி லீக் ஒன்றுதான். 8 கல்லூரி, ஒவ்வொருவரோடும் இரண்டு தடவை, 14 ஆட்டம், முதலிடம் வந்தவன் போகலாம். இதைவிடச் சுத்தமான ஏற்பாடு ஏது? 2017-ல் அவர்களும் நாக்-அவுட்டுக்கு மாறினார்கள். அந்த முதல் வருடமே பிரின்ஸ்டன் 14-க்கு 14. அரையிறுதியில் எதிரி யார்? 6-8 என்று முடித்த பென். இடம்? பென்னின் சொந்த மைதானமான பலெஸ்ட்ரா! பிரின்ஸ்டன் கடைசி நொடிகளில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 72-64 என்று தப்பித்தது. அந்த ஒரு பந்து வளையத்தில் பட்டுத் தெறித்திருந்தால் பதினாலு வெற்றிக்கும் பதில் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பெரிய கான்ஃபரன்ஸ்காரர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். பிக் டென்னில் 18 அணி, 20 ஆட்டம். மூன்று பேரோடு இரண்டு தடவை, மற்றவர்களோடு ஒரே தடவை. ஒருவனுக்குச் சுலபமான அட்டவணை, இன்னொருவனுக்குக் கஷ்டம். அப்படியிருக்கப் பட்டியலை எப்படி நம்புவது? சரியான கேள்வி. ஆனால் அங்கே யாருக்கும் நஷ்டமே இல்லையே! 2024-ல் ஏ.சி.சி.யில் பத்தாவது இடத்து என்.சி. ஸ்டேட் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்து, இறுதியில் நார்த் கரோலினாவை வீழ்த்தி, அப்படியே தேசிய அரையிறுதி வரை போனது. நானும் குதித்துக்கொண்டுதான் பார்த்தேன். தோற்ற நார்த் கரோலினா என்ன ஆனது? முதல் தர சீடாகவே உள்ளே போனது. பணக்காரர் வீட்டு விளையாட்டில் விழுந்தாலும் கீழே மெத்தை இருக்கிறது.

காசு விஷயத்தில்கூட இது புத்திசாலித்தனம் இல்லை. தேசியப் போட்டியில் தன் அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கான்ஃபரன்ஸுக்கு ஆறு வருடம் பங்கு வரும். பலவீனமான அணியை அனுப்பினால் முதல் ஆட்டத்தோடு சரி. நாலு நாள் டி.வி. வெளிச்சத்துக்காக அதையும் பணயம் வைக்கிறார்கள்.

நாக்-அவுட்டை ஒழித்துக் கட்டு என்று நான் சொல்லவில்லை. ஐ.பி.எல்.லில் 2011 முதல் முதல் இரண்டு அணிகளுக்கு இரண்டாவது வாய்ப்பு இருக்கிறதே, அந்த அறிவு போதும். நாக்-அவுட்டில் ஜெயித்தவனும் பட்டியலில் முதலிடம் வந்தவனும் ஒருவனே என்றால் கதை முடிந்தது. வேறு வேறு ஆள் என்றால், ஜெயித்தவன் முதலிடத்தான் ஊருக்கே போய் இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஆடட்டும். அங்கேயும் ஜெயித்தால் மனசார அனுப்பி வைக்கலாம். 2024-ல் டிரேக் அப்படி டெர்ரே ஹாட்டுக்கு வந்து இறங்கியிருந்தால், அன்றைக்கு அந்த ஊரில் டிக்கெட் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.