நேரம் வளைந்தால் பண்டிகை இனிக்கும்!

நவராத்திரி வந்துவிட்டால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்க இடம் இராது. தெருவோரம் எங்கும் கொலு பொம்மைகள்! தசாவதாரம் உண்டு. கல்யாண ஊர்வலம் உண்டு. கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் கூட உண்டு! தாய்மார்கள் பேரம் பேசி வாங்குகிறார்கள்.

பொம்மை வாங்கப் பணம் இருக்கிறது. படி கட்ட இடம் இருக்கிறது. ஆனால் சுண்டல் செய்து, வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்குக் கொடுக்க நேரம் இருக்கிறதா?

பல குடும்பங்களுக்கு இன்று இதுதான் கவலை.

மாலை ஆறு மணி

கொலுவின் உயிர் மாலை நேரத்தில் இருக்கிறது. ஆறு மணிக்கு விளக்கு ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் வேலைக்குப் போகும் பெண் எங்கே இருப்பாள்? பஸ்ஸில் இருப்பாள்!

தரமணியில் டைடல் பார்க் 2000-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. பிறகு பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. நல்ல சம்பளம் வந்தது. கூடவே நெரிசலும் வந்தது. வீடு திரும்பினால் மணி எட்டு. வந்த விருந்தாளி போய்விட்டிருப்பார்.

கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் உற்சவமும் அப்படித்தான். பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், பிற்பகலில் ஊர்வலம் புறப்படும். அது ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருவதில்லை!

வீட்டுக்கு வந்த வேலை

2020 மார்ச்சில் கொரோனா நோயால் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஆபீஸ் வேலை வீட்டுக்கே வந்தது. நோய் தணிந்த பிறகும் அந்தப் பழக்கம் அடியோடு போய்விடவில்லை. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் உள்ள கம்பெனிகள், பாதிப் பேர் வரை வீட்டிலிருந்து வேலை பார்க்க விடலாம் என்று 2022 ஜூலையில் மத்திய அரசு விதி செய்தது. சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு என்ற முறை பல கம்பெனிகளில் இருக்கிறது.

இதனால் என்ன லாபம்? அடையாற்றில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் கடலையை ஊறப்போட்டுவிட்டு, அந்த வீட்டுப் பெண் வேலைக்கு உட்காருகிறாள். ஐந்தரை மணிக்கு எழுந்து விளக்கு ஏற்றுகிறாள். விருந்தினர் போனதும், ஒன்பது மணிக்கு மிச்ச வேலையை முடிக்கிறாள். முதலாளிக்கு நஷ்டம் இல்லை. வீட்டில் விளக்கு எரிகிறது. அவள் கணவனுக்கும் இப்படி நேரம் கிடைத்தால், அவன் தேங்காய் துருவலாம் அல்லவா?

சர்க்கார் காட்டிய வழி

2024-ல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. தமிழக அரசு மறுநாள் வெள்ளிக்கிழமையும் லீவு விட்டது. அதற்கு ஈடாக நவம்பர் 9, சனிக்கிழமை வேலை நாள் ஆயிற்று. 2022, 2023, 2025 தீபாவளிகளிலும் இதே முறைதான்.

வேலை குறைந்ததா? இல்லை. இடம் மாறியது, அவ்வளவுதான்! ஊருக்குப் போனவர்கள் அன்று இரவே மூட்டை கட்டாமல், பெற்றோருடன் இன்னொரு நாள் இருந்தார்கள்.

விளக்கின் அடியில் இருட்டு

ஆனால் தியாகராய நகருக்கு வாருங்கள். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணி எடுத்துப் போடும் பெண்கள் நிற்கிறார்கள். பலர் வெளியூர்ப் பிள்ளைகள். நம் வீட்டுப் பண்டிகைக்காக உழைக்கிறவர்கள் இவர்கள். இந்த வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியுமா?

இவர்கள் உட்கார ஆசனம் தர வேண்டும் என்பதற்கே 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது! பண்டிகைக்கு ஒரு பழைய சட்டம் இருக்கிறது. 1958-ல் வந்தது. தேசிய நாட்களைத் தவிர, வருடத்தில் ஐந்து பண்டிகை நாட்களுக்குச் சம்பளத்துடன் லீவு தர வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அந்த நாள் சம்பளமும், ஈடாக வேறொரு நாள் சம்பளத்துடன் லீவும் தர வேண்டும். இதைத் தொழிலாளர்கள் அறிந்திருப்பது நல்லது.

யாருக்காக வளைவது?

இன்னொரு பக்கமும் உண்டு. 2023 ஏப்ரலில் சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. ஆலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அது இடம் தந்தது. நாலு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்று சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே தினத்தன்று, மசோதா வாபஸ் ஆகிவிட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்.

இதில் பாடம் என்ன? நேரம் வளையலாம்; மனிதன் ஒடியக் கூடாது! பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுக்கு மறுநாள் லீவு கிடைத்தால், அவன் பண்டிகை கொண்டாட மாட்டான். படுத்துத் தூங்குவான். எந்த நாள் லீவு வேண்டும் என்று கேட்கும் உரிமை உழைப்பவனுக்கு இருந்தால்தான் அது சலுகை. இல்லாவிட்டால் சுமை.

கடைக்காரர்களுக்கு ஒரு யோசனை. தீபாவளிக்கு ஒரு பகுதியினர், பொங்கலுக்கு மறு பகுதியினர் என்று முறை வைக்கலாம். அந்தப் பட்டியலை மூன்று மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். ஏனென்றால் ரெயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. கடைசி நேரத்தில் லீவு கிடைத்து என்ன பயன்? டிக்கெட் கிடைக்காதே!

நமக்கும் கடமை உண்டு. பத்து நாள் முன்பே துணி வாங்கி விடுவோம். தீபாவளிக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கடைக்குப் போய், "இன்னும் நாலு புடவை எடுத்துக் காட்டம்மா" என்று கேட்காமல் இருப்போம்.

அந்தப் பெண்ணுக்கும் ஊரில் ஒரு தாய் இருக்கிறாள். அவளும் வாசலில் காத்திருக்கிறாள்!